அரிசி, உளுந்து, எண்ணெய் விலை: ரங்கூன் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாங்கோனில் எங்கள் பகுதிக் கோயிலில் அன்னதானத்துக்குச் சாமான் வாங்கும் பொறுப்பு பல வருடங்களாக என்னிடம் இருக்கிறது. மாதம் இரண்டு முறையாவது பயின்னாங் மொத்தச் சந்தைக்குப் போய் வருவேன். பந்தி முடிந்து அண்டா கழுவும் நேரத்தில், "ஏன் அண்ணே மறுபடி ஏறிப்போச்சு?" என்று யாராவது கேட்பார்கள். நின்றபடி சொல்லும் பதில் பாதியிலேயே நின்றுவிடும். அதனால் அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். ஊரைப் பழக்கத்தில் ரங்கூன் என்றும் யாங்கோன் என்றும் மாற்றி மாற்றி எழுதியிருப்பேன், இரண்டும் ஒன்றுதான்.

அளவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பியி அரிசி என்றால் பால் டப்பாவில் 8 டப்பா, சுமார் 2 கிலோ. 24 பியி சேர்ந்தது ஒரு மூட்டை. எண்ணெய், பருப்பு, வெங்காயம் எல்லாம் வீசைக் கணக்கு. இந்தச் சொல் நம் தமிழிலிருந்து இங்கே வந்து தங்கியது. தமிழ்நாட்டில் அது சுமார் 1.4 கிலோவாக இருந்து வழக்கொழிந்தது. இங்கே 1.63 கிலோவாக இன்றும் தராசில் ஏறுகிறது.

நம் நாட்டில் இவ்வளவு நெல் விளைகிறதே, பிறகு ஏன் அரிசி விலை உலக விலையோடு சேர்ந்து ஏறுகிறது?

விளைவது இங்கே என்றாலும் விற்க வழி இருக்கும் இடமெல்லாம் சந்தைதான். இந்த நாட்டிலிருந்து வருடத்துக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல் அரிசி வெளியே போகிறது. பாங்காக்கில் டன்னுக்கு 50 டாலர் கூடினால், ஆலைக்காரர் அந்த விலையை மனதில் வைத்துத்தான் உள்ளூர் வியாபாரியிடம் பேசுவார். வெளியே அனுப்ப முடிகிற அரிசியை உள்ளே குறைத்துக் கொடுக்க அவருக்குக் காரணம் இல்லை.

அரிசிக்கு இன்னொரு குணமும் உண்டு. உலகத்தில் விளையும் கோதுமையில் ஏறக்குறைய கால் பங்கு நாடு விட்டு நாடு போகிறது. அரிசியில் பத்தில் ஒரு பங்குதான் போகிறது. மற்றதெல்லாம் விளைந்த நாட்டிலேயே சாப்பிடப்படுகிறது. ஆகவே உலகச் சந்தை என்பது உண்மையில் சின்னச் சந்தை. அதில் இந்தியா மட்டுமே நூற்றுக்கு நாற்பது பங்கு. அங்கே கதவைச் சாத்தினால் மீதி இருக்கிற எல்லாரும் ஒரே சன்னலில் கை நீட்ட வேண்டியதுதான். 2023 ஜூலை 20 அன்று இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. சில வாரங்களில் தாய்லாந்து அரிசி டன் 600 டாலரைத் தாண்டியது. இங்கேயும் மூட்டை விலை எகிறியது நினைவிருக்கும். அந்தத் தடை 2024 செப்டம்பர் இறுதியில்தான் நீங்கியது.

அப்படியானால் விலை ஏறும்போது நம் விவசாயிக்கு நல்ல காசு கிடைக்கிறது, இல்லையா?

கிடைக்க வேண்டும். கிடைப்பதில்லை என்பதுதான் என் மனதை மிகவும் உறுத்தும் விஷயம்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021 பிப்ரவரிக்கு முன் ஒரு டாலருக்கு இந்நாட்டுப் பணம் 1,330 சாட் அளவில் இருந்தது. 2022 ஆகஸ்டில் அரசு விகிதம் 2,100 சாட் என்று நிர்ணயிக்கப்பட்டது. வெளிச்சந்தையிலோ அது 4,000-ஐத் தாண்டிப் போய்விட்டது. ஏற்றுமதி செய்பவர் சம்பாதித்த டாலரில் ஒரு பகுதியை அரசு விகிதத்திலேயே மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சட்டம். அந்தப் பகுதி எவ்வளவு என்பது பலமுறை மாறியது. கணக்குக்காகப் பாதி என்று வைத்துப் பார்ப்போம். ஒரு டன் அரிசி 500 டாலர், வெளிச்சந்தையில் டாலர் 4,400 சாட். முழுவதையும் சந்தை விகிதத்தில் மாற்றினால் 22 லட்சம் சாட். பாதியை 2,100-க்குக் கொடுத்தால் கைக்கு வருவது 16 லட்சத்து 25 ஆயிரம். கால் பங்குக்கு மேல் போய்விட்டது. அந்த நட்டத்தை ஏற்றுமதிக்காரர் தன் தலையில் வைத்துக்கொள்வாரா? நெல்லை வாங்கும்போதே விலையைக் குறைத்துவிடுவார். கடைசியில் வயலில் நிற்பவன் தலையில் வந்து விழுகிறது.

ஆனால் அதே விவசாயி வாங்கும் யூரியாவும் டீசலும் வெளிச்சந்தை டாலரில்தான் வருகின்றன. 2022-ல் உலகச் சந்தையில் யூரியா டன் 900 டாலரைத் தாண்டியது. இயற்கை எரிவாயுவிலிருந்து செய்வது என்பதால் எரிவாயு ஏறியதும் அதுவும் ஏறியது. உரம் பாதி போட்டவர்கள் உண்டு, போடாமலே விட்டவர்களும் உண்டு. உரம் குறைந்தால் அடுத்த அறுப்பில் மூட்டை குறையும். விற்கும்போது அரசு விகிதம், வாங்கும்போது சந்தை விகிதம். இந்த இரண்டுக்கும் நடுவில் நசுங்கும் ஒரு குடும்பம் அரிசி விலை ஏற்றத்தால் எப்படிப் பணக்காரக் குடும்பமாகும்?

உளுந்து விலைக்கும் இந்தியாவுக்கும் என்ன இவ்வளவு தொடர்பு?

இது நம் வீட்டுக் கேள்வி, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் இட்லி மாவு அரைக்கும் உளுந்தில் நல்ல பங்கு பர்மா உளுந்துதான். இந்தியா வெளியே வாங்கும் உளுந்தில் பெரும்பகுதி இங்கிருந்து போகிறது. இங்குள்ள பர்மியர்கள் அதை அதிகம் சாப்பிடுவதில்லை. மத்பெ என்று பெயர் சொல்வார்கள், பயிரிடுவார்கள், விற்பார்கள். இட்லி, வடை என்று வீட்டில் அன்றாடம் ஊறப்போடுவது பெரும்பாலும் நம்மவர்கள்தான். தெருவில் தொஷே என்ற பெயரில் தோசை சுடுகிறவர்களும் பலர் அரிசி மாவை வைத்தே ஒப்பேற்றிவிடுகிறார்கள்.

பெகு பக்கமும் ஐராவதி டெல்டாவிலும் மழைக்கால நெல்லை அறுத்த பிறகு, மண்ணில் ஈரம் காய்வதற்குள் உளுந்தை விதைப்பார்கள். தனிப் பாசனம் கிடையாது. பிப்ரவரி, மார்ச்சில் அறுப்பு. செலவு குறைவு, கையில் உடனே காசு. சிறு விவசாயிக்கு நெல் வயிற்றுக்கு என்றால் உளுந்து கடன் அடைக்க, பிள்ளை படிக்க. ஆனால் வாங்குபவர் ஏறக்குறைய ஒரே நாடு. அந்த நாடு என்ன அறிவிக்கிறது என்பதைப் பொறுத்து இங்கே ஒரு கிராமமே சிரிக்கும் அல்லது அழும்.

2014-லும் 2015-லும் இந்தியாவில் மழை பொய்த்துப் பருப்பு விலை வானத்துக்குப் போனது. அதைப் பார்த்து அங்குள்ள விவசாயிகள் நிறைய விதைத்தார்கள். இங்கும் நிறைய விதைத்தார்கள். 2016-17-ல் இந்தியாவில் பருப்பு வகைகள் சுமார் 2.3 கோடி டன் விளைந்தன, அதுவரை காணாத விளைச்சல். அங்கே விலை சரிந்தது. தங்கள் விவசாயிகளைக் காப்பாற்ற 2017 ஆகஸ்டில் இந்தியா இறக்குமதிக்கு வரம்பு போட்டது: துவரைக்கு வருடத்துக்கு 2 லட்சம் டன், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன். அவ்வளவுதான். இங்கே கோடவுன்களில் மூட்டைகள் தேங்கின, விலை தரையைத் தொட்டது. நானே அந்த வருடம் கோயிலுக்கு மிகக் குறைந்த விலையில் உளுந்து வாங்கினேன். விற்றவர் முகத்தைப் பார்த்தபோது லாபமாக வாங்கிய சந்தோஷம் வரவே இல்லை.

பிறகு 2021-ல் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்தன. ஐந்து நிதியாண்டுகளுக்கு, வருடம் 2.5 லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் இந்தியா வாங்கும் என்று. அதனால் கொஞ்சம் நிலைமை நிதானப்பட்டது. ஆனால் 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் துவரை, உளுந்து, மைசூர்ப் பருப்பு மூன்றிலும் தன்னிறைவு அடைய ஆறு வருடத் திட்டம் ஒன்றை இந்தியா அறிவித்திருக்கிறது. ஒரு நாடு தன் மக்களுக்கான பருப்பைத் தானே விளைவிக்க நினைப்பதில் தவறு சொல்ல முடியாது. இங்கே உளுந்து விதைப்பவர்களுக்கு யாராவது இதை இப்போதே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று மட்டும் நினைக்கிறேன். பாசிப்பயறுக்குச் சீனா, ஐரோப்பா என்று வாங்குபவர்கள் பலர் உண்டு. எல்லா முட்டையையும் உளுந்துக் கூடையிலேயே வைத்திருந்தால் மறுபடி 2017 வரும்.

உக்ரைனில் சண்டை நடந்தால் ரங்கூனில் எண்ணெய்க்கு ஏன் வரிசை?

உக்ரைன் சூரியகாந்தி எண்ணெய் விற்கும் பெரிய நாடு. 2022 பிப்ரவரியில் அது நின்றதும், அதை வாங்கியவர்கள் எல்லாரும் பாமாயில் பக்கம் திரும்பினார்கள். விலை ஏறியதும் இந்தோனேசியா தன் மக்களுக்குப் போதாது என்று ஏப்ரல் 28 முதல் மே 23 வரை பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. நாமோ கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் விளையும் நாட்டில் இருந்துகொண்டு, போதாத மீதிக்கு மலேசியா, இந்தோனேசியா பாமாயிலை நம்பி இருக்கிறோம். அதோடு சாட் மதிப்பும் விழுந்தது. இரண்டு இடியும் ஒரே வருடத்தில் விழுந்ததால்தான் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றோம்.

அந்தச் சண்டையில் கோதுமையும் ஏறியதால் பரோட்டா, நான் ரொட்டி விலைக்கும் இதே கதைதான். இங்குள்ளவர்கள் காலையில் சாப்பிடும் மீன் குழம்பு நூடுல்ஸான மோஹிங்காவின் நூடுல்ஸ் அரிசியில் செய்வது, அதனால் அது அந்த அளவு அடிபடவில்லை.

ஐ.நா. உணவு விலைக் குறியீடு குறைந்தது என்று செய்தியில் சொல்கிறார்கள். என் கடைக் கணக்கு குறையவில்லையே?

அந்தக் குறியீட்டை ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு மாதாமாதம் வெளியிடுகிறது. தானியம், எண்ணெய், பால் பொருள், இறைச்சி, சர்க்கரை ஐந்தின் உலகச் சந்தை விலையைச் சேர்த்து, 2014-16 சராசரியை 100 என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். 2022 மார்ச்சில் அது 160-ஐ ஒட்டி ஏறி உச்சம் தொட்டது, பிறகு நன்றாகவே இறங்கியது. ஆனால் அது டாலர் கணக்கு, துறைமுகக் கணக்கு. நம் கடைக்கு வரும் முன் சாட் மதிப்பு, லாரி வாடகை, டீசல், வழியில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் கொடுப்பது எல்லாம் அதன் மேல் ஏறிக்கொள்கிறது. உலகத்தில் இறங்கியது இங்கே இறங்க மாதங்கள் ஆகும். சில சமயம் இறங்குவதே இல்லை.

2008-ல் நர்கிஸ் புயல் வந்தபோதும் அரிசி விலை உலகமெங்கும் ஏறியதே, புயலால்தானா?

இல்லை. புயலுக்கு முன்பே ஏறிவிட்டது. 2007 அக்டோபரில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது. வியட்நாமும் கட்டுப்பாடு போட்டது. பயந்துபோன பிலிப்பைன்ஸ் எந்த விலைக்கும் வாங்கத் தயாராக நின்றது. 2008 ஜனவரியில் டன் 400 டாலருக்குக் கீழே இருந்த தாய்லாந்து அரிசி ஏப்ரலில் 900-ஐத் தாண்டியது. அந்த வருடம் உலகத்தில் அரிசி விளைச்சல் குறையவில்லை என்பதை நன்றாகக் கவனிக்க வேண்டும். பயத்தில் பூட்டியதும் பயத்தில் வாங்கியதும்தான் விலையை ஏற்றின. இறங்கிய கதையும் அப்படியே. ஜப்பான் தன்னிடம் கிடந்த இறக்குமதி அரிசியை வெளியே விடப்போகிறது என்ற பேச்சு மே மாதம் கிளம்பியதுமே விலை தணியத் தொடங்கிவிட்டது. அரிசி கப்பலில் ஏறுவதற்கு முன்பே!

மே 2-ம் தேதி இரவு நர்கிஸ் டெல்டாவில் கரையேறியபோது உலகம் ஏற்கெனவே அந்த நிலையில் இருந்தது. 1,38,000 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். விதைநெல் போனது, உழவு மாடுகள் போயின, வயலில் உப்புத்தண்ணீர் நின்றது. பியாப்பொன் பக்கமிருந்து வந்த நம்மவர்கள் சிலர் எங்கள் கோயில் மண்டபத்தில் தங்கினார்கள். அவர்களில் ஒரு அம்மா, நாலு மூட்டை நெல் விற்கும் வீட்டிலிருந்து வந்தவர், தட்டை நீட்டக் கூச்சப்பட்டுப் பந்தியின் கடைசியில்தான் உட்காருவார். அவரை நினைக்காமல் நான் உணவுப் பாதுகாப்பு என்ற சொல்லைப் படித்ததே இல்லை.

நம் முன்னோர் காலத்தில் விலை விழுந்தபோது என்ன நடந்தது?

விலை ஏறுவது மட்டும்தான் கேடு என்று நினைக்கிறோம். 1930-ல் விழுந்தது.

அப்போது உலகத்திலேயே அதிகம் அரிசி விற்ற நாடு பர்மா. வருடத்துக்குச் சுமார் 30 லட்சம் டன். அறுப்புக்கும் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் தமிழ், தெலுங்கு, ஒரியாத் தொழிலாளர்கள். பயிருக்குக் கடன் செட்டியார்களிடம். 1930 வாக்கில் அவர்கள் கொடுத்திருந்த கடன் 75 கோடி ரூபாய் என்று அரசு விசாரணைக் குழு மதிப்பிட்டது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை பாதியாகச் சரிந்ததும் கடன் அப்படியே நின்றது, கட்ட வழி போனது. நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம், 1937-38-ல் 25 சதவீதம். அவர்களுக்கு வேண்டியது நிலமல்ல, காசு. ஆனால் நிலம் இழந்த பர்மிய விவசாயியின் கண்ணில் பட்டது வேறு. 1930 மே மாதம் ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிரான கலவரம். டிசம்பரில் தராவடி மாவட்டத்தில் சயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ச்சி.

இதைப் பற்றி நம்மவர்கள் பேசத் தயங்குவார்கள். பேச வேண்டும் என்பது என் கருத்து. ஆலையில் மூட்டை சுமந்த நம் தாத்தாக்களும், கடன் கொடுத்தவர்களும், நிலம் இழந்தவர்களும் ஒரே விலைச் சரிவில்தான் விழுந்தார்கள். அந்தக் காயத்தின் மிச்சத்தை 1964-ல் கடைகள் நாட்டுடைமையானபோது கப்பலேறியவர்களும் சுமந்தார்கள்.

1943 வங்காளப் பஞ்சம் பர்மா அரிசி போகாததால் வந்ததா?

ஒரு காரணம் அது. முழுக் காரணம் அல்ல. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. வங்காளம் மட்டுமல்ல, இலங்கை, திருவிதாங்கூர், சென்னை மாகாணம் எல்லாம் பர்மா அரிசியை நம்பி இருந்தவை. கப்பல் நின்றது. ஆனால் வங்காளத்தில் சாப்பிடும் அரிசியில் பர்மா அரிசி சிறு பங்குதான். போர்ச் செலவால் விலை ஏற, பதுக்கல் கூட, கூலி மட்டும் ஏறாமல் நிற்க, இருபது முப்பது லட்சம் பேர் இறந்தார்கள். பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் இதை ஆராய்ந்து, சந்தையில் உணவு இருப்பது வேறு, அதை அடையும் வசதி மனிதனிடம் இருப்பது வேறு என்று காட்டினார். சிறு வயதில் அவர் சில வருடங்கள் மண்டலேயில் வளர்ந்தவர் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

அப்படியென்றால் இன்று இங்கே பசியில் இருப்பவர்கள் யார்?

2024-ல் உலகத்தில் 67.3 கோடிப் பேர் பசியில் இருந்ததாக ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டன. இந்த நாட்டில் 2025-ல் கடும் உணவு நெருக்கடியில் இருந்தவர்கள் ஒன்றரைக் கோடிப் பேர், ஏறக்குறைய மூன்றில் ஒருவர். உள்நாட்டுச் சண்டையால் ராக்கைனில் சாலைகள் அடைபட்டு அரிசி உள்ளே போவதே கஷ்டம். சகாயிங் பக்கம் வீட்டை விட்டு ஓடியவர்கள் வயலுக்குத் திரும்ப முடியவில்லை. 2025 மார்ச்சில், பணம் இல்லை என்று உலக உணவுத் திட்டம் இங்கே பத்து லட்சம் பேருக்கு மேல் உதவியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதே மாதம் 28-ம் தேதி மண்டலே, சகாயிங் பகுதியில் பூகம்பம்.

யாங்கோனில் பசி வெளியே தெரியாது. ஏழை வீட்டில் வருமானத்தில் பாதிக்கு மேல் சாப்பாட்டுக்கே போகிறது. விலை ஏறினால் முதலில் கறி நிற்கும், அப்புறம் முட்டை, அப்புறம் எண்ணெய். சோறு மட்டும் கடைசிவரை இருக்கும். வயிறு நிறையும், பிள்ளை வளராது. அன்னதானத்தில் குழம்பை இரண்டாவது முறை கேட்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் புரிந்துவிடும். அதனால்தான் சோற்றைக் குறைத்தாலும் பருப்பைக் குறைக்காதீர்கள் என்று குழுவில் சண்டை போடுகிறேன்.

சரி, வருடத்தில் எப்போது வாங்கினால் மலிவு?

மழைக்கால நெல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும், கோடை நெல் ஏப்ரல், மே. பெரும்பாலான வருடங்களில் டிசம்பர், ஜனவரியில் அரிசி இறங்கி நிற்கும், ஆகஸ்ட், செப்டம்பரில் ஏறி நிற்கும். புது அரிசி குழையும், பொங்கலுக்கு நல்லது. பந்திக்குப் பழைய அரிசிதான் உதிரும், அளவும் காணும். பொசான் வகை 2011-ல் உலகின் சிறந்த அரிசி என்று பரிசு வாங்கியது, ஆனால் நூறு பேருக்கு ஆக்கச் சாதாரண ஏமட்டா வகை போதும். உளுந்தை மார்ச்சில் வாங்கி, நன்றாகக் காயவைத்து, வேப்பிலை போட்டுக் கட்டிவிடுங்கள். எண்ணெயைச் சேர்த்து வைக்க வேண்டாம், கெட்டுவிடும். நாலைந்து குடும்பம் சேர்ந்து மூட்டையாக எடுத்தால் பியிக் கணக்கில் வாங்குவதை விடக் குறைகிறது. ஜனவரியில் நான் சந்தைக்குப் போகும்போது பெயர் கொடுப்பவர்களுக்கும் சேர்த்து எடுத்து வருகிறேன். பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிட்டால் லாரியில் இடம் ஒதுக்கச் சௌகரியமாக இருக்கும்.